லினக்ஸ் மேசைக்கணினிக்கு எந்த வைஃபை அடாப்டர் வாங்குவது?

கேள்வி: அரவேனு வாசகர், 17 அக்டோபர் 2025

விண்டோஸ் 10-க்கு இந்த 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது என்பதால் வீட்டிலிருந்த பழைய மேசைக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22.2 என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். எல்லாம் வேலை செய்கிறது, இணையம் மட்டும் இல்லை. கணினி முன்னறையில், ரவுட்டர் பின்கட்டில். நடுவில் கல் சுவர். அதைத் துளைத்துக் கம்பி இழுக்க அப்பா சம்மதிக்கவில்லை. குன்னூரில் ஒரு கடையில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன். பெட்டியில் லினக்ஸில் இயங்கும் என்று அச்சிட்டிருக்கிறது. செருகினால் திரையில் ஒரு சிடி படம் வருகிறது, வைஃபை வரவில்லை. கடைக்காரர், "லினக்ஸுக்கு வைஃபை சரிப்படாது, புதுக் கணினி எடுத்துவிடுங்கள்" என்கிறார். அது உண்மையா? இல்லையென்றால் எந்த அடாப்டர் வாங்குவது?

17 அக்டோபர், இரவு

உண்மையில்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு படிப்பகத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தனையும் லினக்ஸ், பெரும்பாலானவை வைஃபையில். இன்று மாலைகூடப் பிள்ளைகள் அதில்தான் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பினார்கள்.

முதலில் அந்த சிடி படம். ஒரு சாதனத்தைக் கணினிக்குப் புரியவைக்கும் நிரல்தான் டிரைவர். உங்கள் அடாப்டருக்குள் விண்டோஸ் டிரைவரை வைத்திருக்கும் சிறு நினைவகம் இருக்கிறது. செருகியவுடன் அது தன்னை சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும். விண்டோஸ் அதிலிருந்து டிரைவரை எடுத்து நிறுவியதும் சாதனம் வைஃபையாக மாறும். லினக்ஸில் அந்த மாற்றத்தைச் செய்ய யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் உண்டு. சில சிப்புகளுக்கு அதுவும் வேண்டாம். சிடி படத்தின் மேல் வலது சொடுக்கிட்டு வெளியேற்றச் சொன்னாலே மாறிவிடும். அதை முதலில் செய்து பாருங்கள்.

பிறகு கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையைக் கொடுங்கள். அடாப்டர் இல்லாமல் ஒருமுறை, செருகிவிட்டு ஒருமுறை. இரண்டாவது முறை கூடுதலாக வரும் வரிதான் உங்களுடையது. அதில் ஐடி என்பதற்குப் பின்னால் நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மீண்டும் நான்கு எழுத்து இருக்கும். அந்த வரியை அப்படியே இங்கே போடுங்கள். பெட்டியின் படம் வேண்டாம்.

18 அக்டோபர், காலை

பெட்டி ஏன் உதவாது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பெட்டியில் இருப்பது விற்கிற நிறுவனத்தின் பெயர். லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்குத் தெரிய வேண்டியது உள்ளே இருக்கும் சிப். ஒரே மாடல் பெயரில், ஒரே உறையில், ஆண்டுக்கு ஒரு சிப் மாறி வரலாம்.

எல்லோரும் காட்டும் உதாரணம் டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என். அதன் முதல் பதிப்பில் இருப்பது ஏதெரோஸ் ஏஆர்9271. அதற்கான டிரைவர் 2010 முதலே கெர்னலில் இருக்கிறது. சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரின் மூலநிரலைக்கூட 2013-இல் திறந்து கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் பதிப்பில் உள்ளே இருப்பது ரியல்டெக்கின் ஆர்டிஎல்8188இயூ வகை. அதன் டிரைவர் நெடுங்காலம் கெர்னலின் திண்ணையில்தான், அதாவது இன்னும் தேறாத டிரைவர்களை வைக்கும் பகுதியில்தான், உட்கார்ந்திருந்தது. ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ என்ற முறையான டிரைவருக்குள் இடம் கிடைத்தது 2023-இல், 6.3 பதிப்பில். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். வித்தியாசம் அடாப்டரின் முதுகில் ஒட்டிய வெள்ளைச் சீட்டில், வரிசை எண்ணுக்கு அருகே, பதிப்பு எண்ணாக அச்சிட்டிருக்கும். அரிசி மணியில் பாதி உயரம்கூட இல்லாத எழுத்து. கைப்பேசி கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிகிறது. இணையத்தில் பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

லினக்ஸில் இயங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால், பல நேரம் அதற்குப் பொருள், விற்பவரின் தளத்தில் ஏதோ ஒரு பழைய கெர்னலுக்கு எழுதிய மூலநிரல் ஒரு சுருக்கக் கோப்பாகக் கிடக்கிறது என்பது மட்டுமே.

சரி, எந்த சிப்? மீடியாடெக் எம்டி7612யூ என் முதல் தேர்வு. 2018-இல் வந்த 4.19 கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஓடும். அதன் தம்பி எம்டி7610யூவும் அதே காலத்தில் வந்ததுதான். வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயூ, 2022-இன் 5.18 கெர்னலிலிருந்து ஆதரவு உண்டு. விலை குறைவாக, நகத்தளவு சிறியதாக வேண்டுமென்றால் எம்டி7601யூ, 2015-இன் 4.2 முதல். பழைய ராலிங்க் ஆர்டி5370-ஐ எங்கே பார்த்தாலும் பயமில்லாமல் எடுக்கலாம்.

ரியல்டெக்கை மொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை. ஆர்டிஎல்8812பியூ, 8821சியூ இரண்டும் 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலில் சேர்ந்துவிட்டன. கடைகளில் அதிகம் கிடைக்கும் 8812ஏயூ, 8821ஏயூ இரண்டும் 2025 மார்ச்சில், 6.14-இல் சேர்ந்தன. மின்ட் 22.2 அதே 6.14 கெர்னலோடு வருவதால் அரவேனு நண்பருக்குக் கதவு அகலமாகவே திறந்திருக்கிறது.

18 அக்டோபர், மாலை

"எந்த சிப்பாக இருந்தால் என்ன, டிரைவரின் மூலநிரல் இணையத்தில் கிடைக்கிறது. டிகேஎம்எஸ் முறையில் நிறுவிவிட்டால் வேலை முடிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சென்னையில் இருப்பவருக்கு முடிந்துவிடும். மலையில் இருப்பவருக்கு அங்கேதான் வேலை ஆரம்பம்.

டிகேஎம்எஸ் செய்வது இதுதான்: கெர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவரின் மூலநிரலை வட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை புதுக் கெர்னல் வரும்போதும் அதற்கேற்ப மறுபடி கம்பைல் செய்யும், அதாவது இயங்கும் நிரலாக மாற்றும். கெர்னலின் உட்புறச் செயற்கூறுகள் அடிக்கடி மாறும். டிரைவரை எழுதியவர் அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுத்திருக்காவிட்டால் கம்பைல் தோற்றுப்போகும். நீங்கள் மறுநாள் கணினியைப் போடுவீர்கள், அது புதுக் கெர்னலில் எழும், வைஃபை இருக்காது. சரிசெய்ய டிரைவரின் புதிய மூலநிரல் வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையம் அந்த வைஃபை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

எங்கள் படிப்பகத்தில் இது நடந்தது. நன்கொடையாக வந்த ஓர் அடாப்டருக்கு இப்படி வெளியிலிருந்து டிரைவர் போட்டிருந்தது. ஐப்பசி மழை. நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை; கோத்தகிரியும் குன்னூரும் அதில் நனைவது போல ஊட்டி நனையாது. மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் கைப்பேசிக் கோபுரமும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மின்சாரம் திரும்பிய மாலையில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் என்னை அழைத்தாள். "அண்ணா, வைஃபை என்கிற குறியே காணவில்லை. கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி." நான் அப்போது மேட்டுப்பாளையத்தில் இருந்தேன். பர்லியாறு அருகே மண் சரிந்து வண்டிகள் நின்றுபோயிருந்தன.

அவளிடம் சொன்னது இது. கணினியை மறுபடி தொடங்கு. தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் மறையும்போது எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டு. அது கேட்கவில்லையென்றால் அடுத்த முறை ஷிஃப்ட்டை அழுத்திப் பிடி. கறுப்புத் திரையில் பட்டியல் வரும். அதில் இரண்டாவது வரி, மேம்பட்ட தேர்வுகள். உள்ளே போனால் எண்களோடு கெர்னல்கள் வரிசையாக நிற்கும். மேலே இருப்பது புதியது. அதை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருக்கும் பழைய எண்ணில் நுழை. நுழைந்தாள், வைஃபை வந்தது, விண்ணப்பம் போனது.

அந்தப் பெண் துணிந்து செய்ததால் தப்பித்தோம். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையை அந்த இக்கட்டில் நிறுத்துகிற சாதனம் படிப்பகத்தில் இருக்கக் கூடாது என்று அன்று முடிவெடுத்தேன். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: டிரைவர் கெர்னலுக்குள் இருக்கும் சிப்பை மட்டும் வாங்குங்கள். வேகமும் ஆன்டெனா எண்ணிக்கையும் அதற்குப் பிறகுதான்.

18 அக்டோபர், இரவு

இன்னொரு காரணம் விட்டுப்போயிற்று. கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஏற்றும் செக்யூர் பூட் என்ற காவல் இயங்கும் கணினியில், வெளியிலிருந்து வந்த டிரைவர் கையொப்பமில்லாமல் ஏறாது. நீங்களே ஒரு சாவி உருவாக்கி, கணினி எழும்போது வரும் நீலத் திரையில் அதைப் பதிவுசெய்ய வேண்டும். கெர்னலோடு வரும் டிரைவருக்கு இந்தச் சடங்கு கிடையாது.

21 அக்டோபர்

தீபாவளி முடிந்து அரவேனு நண்பர் அந்த வரியை அனுப்பியிருக்கிறார். ஏஐசி என்று தொடங்கும் பெயர். சிடியை வெளியேற்றினாலும் வைஃபை வரவில்லை என்கிறார். வராது. அது ஏஐசி8800 வரிசை சிப். வைஃபை 6 என்று பெரிய எழுத்தில் போட்டு மலிவு விலையில் விற்கும் சிறு அடாப்டர்கள் பலவற்றில் இப்போது அதுதான் இருக்கிறது. கெர்னலில் அதற்கு டிரைவர் இல்லை. வெளியே மூலநிரல் கிடைக்கிறது, ஆனால் மேலே சொன்ன கதைக்குத்தான் திரும்பப் போவீர்கள். கடையில் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை சார்ஜர் கம்பியால் கணினியில் செருகி, கைப்பேசி அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், எந்த டிரைவரும் வேண்டாம். கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான கருவிகளில் அந்த இணையமே கம்பி வழியாக இறங்கும். சிம்மின் டேட்டா செலவாகாது. கம்பி மட்டும் டேட்டா கடத்தும் கம்பியாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கம்பிகளும் உண்டு.

24 அக்டோபர்

18-ஆம் தேதி காலைக் குறிப்பை மறுபடி படித்தேன். எம்டி7612யூ என் முதல் தேர்வு என்று எழுதியதில் மாற்றமில்லை, ஆனால் அரவேனு வீட்டுக்கு அது அவசியமா என்று இப்போது யோசிக்கிறேன்.

அந்த வீட்டில் சிக்கல் கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, தடித்த கல்லை அது தாண்டி வருவது கடினம். 2.4 அதைவிட நன்றாக ஊடுருவும். ஆக அந்த முன்னறையில் 5 இருந்தும் பயனில்லாமல் போகலாம். 150 மெகாபிட் அளவுள்ள ஏஆர்9271-உம் ஆர்டி5370-உம் பெட்டியில் சொல்லும் வேகத்தில் பாதியைக் கொடுத்தாலும், வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பு 40 மெகாபிட் என்றால் அதுவே தாராளம். மகளுக்கு வகுப்புக் காணொளி, அப்பாவுக்குத் தேயிலை ஏல விலை. இதற்கு 867 மெகாபிட் அடாப்டர் வேண்டியதில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஏஆர்9271 பழைய சிப். அசல் பொருள் கிடைப்பது குறைந்துவிட்டது. அதே பெயரில் வேறு சிப்பைத் திணித்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். கடைக்குப் போய் வாங்குகிறவருக்கு எளிதில் கிடைப்பது 8821ஏயூ, 8812பியூ வகைகள்தான். டிபி-லிங்க் ஆர்ச்சர் டி2யூ பிளஸ்ஸில் 8821ஏயூ இருக்கிறது, டி3யூவில் 8812பியூ. டி2யூ பிளஸ்ஸுக்கு நீளமான வெளி ஆன்டெனாவும் உண்டு. மின்ட் 22.2-இல் இரண்டும் செருகியவுடன் எழ வேண்டும்.

மின்ட்டுக்குப் பதில் டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையை வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஆகஸ்ட்டில் வந்த புதிய வெளியீடு என்றாலும் அதன் கெர்னல் 6.12. 8821ஏயூ சேர்ந்தது 6.14-இல். வெளியீட்டுத் தேதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யுநேம் -ஆர் (uname -r) கட்டளை காட்டும் கெர்னல் எண்ணைப் பாருங்கள். டெபியனில் இன்னொன்று, சில சிப்புகளுக்கு டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் தனிப் பொதியாக வேண்டும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவல் வட்டிலேயே அவை சேர்ந்து வருகின்றன, அதற்கு முன்பிருந்த அலைச்சல் இப்போது இல்லை.

29 அக்டோபர்

மஞ்சு இறங்கினால் வைஃபை பலவீனமாகிறது என்று எடப்பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். இந்த நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் தண்ணீரைச் சூடாக்குகிறது, வைஃபையும் அதே அலைவரிசை, ஆகவே பனித்துளி அதை விழுங்கிவிடும் என்று விளக்கமும் தருகிறார். ஐயா, வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்கு மஞ்சால் வரும் இழப்பு அளந்து பார்க்கும் அளவுக்குக்கூட இருக்காது. மழையும் மஞ்சும் அலையைத் தின்பதெல்லாம் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போன பிறகு பேச வேண்டிய விஷயம்.

உங்கள் வீட்டில் வேறு காரணம் இருக்க வேண்டும். ரவுட்டர் ஒரு கட்டடத்திலும் கணினி இன்னொன்றிலும் இருந்தால், நடுவில் நிற்கும் மரங்களின் இலைகள் நனைந்திருக்கும்போது அலை நிச்சயம் குறையும். தகரக் கூரையும் தகரத் தடுப்பும் அலையைத் திருப்பி அடித்துவிடும். மஞ்சு இறங்கும் நாளில் ஜன்னல், கதவு எல்லாம் அடைபடுகின்றன. அதுவரை திறந்த கதவு வழியாக வந்துகொண்டிருந்த அலைக்கு வழி போய்விடும். தகரக் கதவாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஈரத்தால் வரும் கேடு வேறொரு இடத்தில் இருக்கிறது. அடாப்டரைக் கழற்றி யூஎஸ்பி முனைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். நான்கு தட்டையான தொடுபட்டைகள் பொன்னிறமாக இருக்க வேண்டும். குளிர்ந்த அறையில் மாதக்கணக்கில் அணைத்தே கிடந்த கணினியில் அவற்றின் ஓரம் மங்கி, பச்சை படர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் அடாப்டர் விட்டுவிட்டு இணையும். உலர்ந்த துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும்.

30 அக்டோபர்

நேற்றையதோடு சேர்க்க வேண்டியது. யூஎஸ்பி 3 துறைகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும். இன்டெல்லே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மேசைக்கணினியின் பின்புறம் அடாப்டரைச் செருகி, பக்கத்து நீலத் துறையில் வெளி வட்டைச் செருகினால் வைஃபை தடுமாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இரும்புப் பெட்டி ஒரு பக்கம், சுவர் மறுபக்கம் என்று ஆன்டெனாவும் நசுங்கிக் கிடக்கும். ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, அடாப்டரை மேசைக்கு மேல், சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். விலை உயர்ந்த அடாப்டருக்கு மாறுவதைவிட இது அதிகம் உதவும். கல் வீடுகளில் அந்தக் கம்பியை வாசற்படி இருக்கும் பக்கம் கொண்டுபோனால் இன்னும் நல்லது. அலை சுவரைத் துளைப்பதைவிட வாசல் வழியாக வருவதே எளிது.

3 நவம்பர்

"யூஎஸ்பி எதற்கு, உள்ளே போடும் அட்டை போடலாமே?" என்று கேட்டவருக்கு. போடலாம், மேசைக்கணினியில் அட்டை செருகும் பிசிஐஇ துளை காலியாக இருந்தால் நான் அதைத்தான் விரும்புவேன். இன்டெல் ஏஎக்ஸ்200-க்கு 5.1 கெர்னல் முதலும், ஏஎக்ஸ்210-க்கு 5.10 முதலும் ஆதரவு இருக்கிறது. இன்டெல் தானே டிரைவரை எழுதிக் கெர்னலில் சேர்க்கிறது.

வாங்கும்போது ஒரே எச்சரிக்கை. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்ற எண்களைத் தவிருங்கள். பார்க்க அதே அட்டை, அதே இணைப்பு முனை. ஆனால் அவை சிஎன்விஐ வகை. வைஃபையின் பாதி மூளை இன்டெல் செயலிக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும், மீதிப் பாதிதான் அட்டையில். அதற்கென்று அமைந்த இன்டெல் தாய்ப்பலகை தவிர வேறெங்கும் அவை எழாது. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றியவை என்று மலிவாக விற்கும் அட்டைகளில் இவை நிறைய வருகின்றன.

ப்ளூடூத்தும் வேண்டுமென்றால், அட்டையோடு வரும் மெல்லிய கம்பியைத் தாய்ப்பலகையின் 9 முனை யூஎஸ்பி இணைப்பில் செருக வேண்டும். அட்டையின் ப்ளூடூத் பகுதி யூஎஸ்பி வழியாகத்தான் பேசுகிறது. அந்தக் கம்பியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு ப்ளூடூத் பழுது என்று நினைப்பவர்கள் அதிகம்.

8 நவம்பர்

கொடைக்கானலிலிருந்து ஒரு சகோதரி. பழைய மேக்புக்கில் மின்ட், வைஃபை இல்லை. இது மேசைக்கணினி இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது பிராட்காம் சிப்பாக இருக்கும்; எல்எஸ்பிசிஐ கட்டளை உறுதிப்படுத்தும். பிசிஎம்4360 என்று வந்தால் பிராட்காமின் மூடிய டிரைவர்தான் வழி. அக்கா, மின்ட் நிறுவிய அதே பென் டிரைவைச் செருகிவிட்டு டிரைவர் மேலாளரைத் திறங்கள். இணையம் இல்லாவிட்டாலும் அந்தப் பென் டிரைவிலிருந்தே அதை எடுத்து நிறுவும். ஆனால் இதுவும் கெர்னலுக்கு வெளியே இருப்பதுதான், ஆகவே பென் டிரைவை அழித்துவிடாமல் வைத்திருங்கள். அட்டையை மாற்றும் எண்ணமிருந்தால் மேக்கில் இணைப்பு முனை வேறு என்பதையும் கவனியுங்கள்.

15 நவம்பர்

அடாப்டரே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. அதை முதலிலேயே பேசியிருக்கலாம் என்று ஒருவர் நினைவூட்டினார். சரிதான். வீட்டில் பழைய ரவுட்டர் சும்மா கிடந்தால், அதன் அமைப்பில் கிளையன்ட் முறையோ எக்ஸ்டெண்டர் முறையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பின்கட்டு ரவுட்டரின் வைஃபையை வாங்கி, தன் லேன் துளை வழியாகக் கம்பியில் கொடுக்கும். ஒரு முழம் ஈதர்நெட் கம்பியால் கணினியோடு இணைத்தால் முடிந்தது. தாய்ப்பலகையின் ஈதர்நெட் துளையை லினக்ஸ் அறியாமல் இருப்பது அரிது. சிப் எண்ணும் வேண்டாம், கெர்னல் எண்ணும் வேண்டாம்.

படிப்பகத்தில் இப்போது ஒரு மூலையை இப்படித்தான் அமைத்திருக்கிறேன். ஒரே எக்ஸ்டெண்டர், ஒரு ஸ்விட்ச், அதிலிருந்து கணினிகளுக்குக் கம்பி. பல அடாப்டர்களைத் தனித்தனியாகப் பராமரிப்பதைவிட நிம்மதி. குறை என்றால் அதற்கும் ஒரு பிளக் வேண்டும், மின்சாரம் போனால் அதுவும் அணையும். யூபிஎஸ்ஸில் சேர்த்துவிட வேண்டும். ஒரே கணினி இருக்கும் வீட்டுக்கு அடாப்டர் எளிது, பள்ளிக்கும் படிப்பகத்துக்கும் இதுவே மேல் என்பது இப்போதைய என் கருத்து.

வீட்டுக்கு வெளியே கம்பி இழுத்து இரண்டு கட்டடங்களை இணைக்க மட்டும் எண்ணாதீர்கள். மலையில் இடி இறங்கும்போது செப்புக் கம்பி அதை இரண்டு பக்கத்துக் கருவிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

23 நவம்பர்

அரவேனு நண்பர் கடையில் பழையதை மாற்றி 8821ஏயூ சிப் உள்ள வெளி ஆன்டெனா அடாப்டர் வாங்கிவிட்டார். செருகியவுடன் வைஃபை குறி வந்தது, டிரைவர் எதுவும் போடவில்லை. ஆனால், "பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்கள் வீட்டுடையது மட்டும் பட்டியலில் இல்லை" என்று எழுதினார். நேற்று இரவு தொலைபேசியில் பார்த்துத் தீர்த்தோம். அவர் ரவுட்டர் தானாக 13-ஆம் சேனலுக்குப் போயிருந்தது. கணினியில் நாட்டுக் குறி அமெரிக்கா என்று இருந்தது. அமெரிக்க விதியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 11-ஆம் சேனலோடு நின்றுவிடும், அதற்கு மேல் அடாப்டர் தேடிப் பார்ப்பதே இல்லை. இந்தியாவில் 13 வரை உண்டு. ஐடபிள்யூ கட்டளையால் நாட்டுக் குறியை இந்தியா என்று மாற்றியதும் பெயர் பட்டியலில் வந்தது. கணினியை மறுபடி தொடங்கினால் பழைய குறிக்கே போய்விடலாம் என்பதால், ரவுட்டரிலும் சேனலை 6 என்று நிலையாக வைக்கச் சொன்னேன்.

இன்னொன்றும் செய்தோம். சில நிமிடம் சும்மா இருந்தால் இணைப்பு மந்தமாகிறது என்றார். மின்ட்டில் நெட்வொர்க் மேனேஜர் வைஃபைக்கு மின்சேமிப்பை இயல்பாகவே போட்டு வைத்திருக்கும். மடிக்கணினிக்கு அது தேவை, எப்போதும் மின்சாரத்தில் ஓடும் மேசைக்கணினிக்குத் தேவையில்லை. அந்த அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பு 3 என்று இருந்ததை 2 ஆக்கிச் சேவையை மறுபடி தொடங்கினோம். நீட்டிப்புக் கம்பியோடு அடாப்டரை இப்போது நிலைப்படியின் மேல் கட்டி வைத்திருக்கிறாராம். அப்பா சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டியிருக்கவில்லை.

கெர்னல் மேம்படுத்தல் வந்தால் இனி தயங்காமல் போடலாமா என்று கேட்டிருக்கிறார். போடுங்கள். டிரைவர் அதோடுதான் வருகிறது. இந்த இழையைப் படித்துவிட்டு 8821ஏயூவுக்கு முன்பே வெளியிலிருந்து டிரைவர் நிறுவியிருப்பவர்கள் மட்டும், டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளையில் பழையது இன்னும் இருக்கிறதா என்று பார்த்து அதை நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒரே அடாப்டருக்குப் போட்டி போட்டால் வைஃபை வருவதும் போவதுமாக இருக்கும்.

அச்சுப்பொறி பற்றிக் கேட்டதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். மாடல் எண்ணோடு எல்எஸ்யூஎஸ்பி வரியையும் சேர்த்துப் போடுங்கள்.